தம்பி சொன்ன கரும்புச் சாராயத்தைத் தேடி அடையாறு வரை

போன சனிக்கிழமை எங்கள் கல்யாண நாள். அன்றைக்கு நானும் என் மனைவி பிலோமினாவும் பெரும்பாக்கத்திலிருந்து கிளம்பி, மயிலாப்பூர், தி. நகர், அடையாறு என்று சுற்றி, பிரேசில் நாட்டுக் கரும்புச் சாராயம் குடித்துவிட்டு வந்தோம். போவதற்கு முன்னால் இதைப் பற்றி யாராவது தமிழில் எழுதியிருக்கிறார்களா என்று போனில் தேடினேன். சென்னையில் எங்கே கிடைக்கும், என்ன விலை, என்ன சட்டை போட வேண்டும் என்றெல்லாம் ஒருவரும் எழுதவில்லை. அதனால் நான் எழுதுகிறேன். நான் படிக்கக் கற்றுக்கொண்டே இரண்டு வருடம்தான் ஆகிறது. ஒரு எழுத்தைத் தேடிப் பிடித்து அழுத்துவதற்குள் டீ ஆறிவிடுகிறது. ஆனாலும் நேற்று எழுதியதை இன்று காலையில் நானே படித்துப் பார்க்கும்போது வருகிற சந்தோஷம் இருக்கிறதே, அதற்காகவே இன்னும் கொஞ்சம் நீட்டி எழுதலாம் போலிருக்கிறது.

இந்தப் பயணத்துக்குக் காரணம் பொறாமை. வேறு ஒன்றும் இல்லை.

என் தம்பி சேவியர் சரக்குக் கப்பலில் சமையல்காரனாக இருந்தவன். இருபது வருடத்துக்கு முன்னால், என் மகள் கோயிலில் முதல்முறை நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்துக்கு வந்தபோது, பிரேசிலிலிருந்து ஒரு பாட்டில் கொண்டுவந்தான். கஷாசா என்று பெயர் சொன்னான். எலுமிச்சம்பழத்தை நறுக்கி, சர்க்கரை போட்டு, கரண்டிக் காம்பால் இடித்து, ஐஸ் கட்டி போட்டு, அதன் தலையில் அந்தச் சாராயத்தை ஊற்றினான். அந்தக் கலவைக்குக் கைப்பிரீன்யா என்று பெயராம். "அண்ணி, ஒரே ஒரு வாய்" என்று பிலோமினாவிடம் டம்ளரை நீட்டினான். அவளும் ஒரு வாய் குடித்தாள். அதிலிருந்து எங்கள் வீட்டில் எந்த விசேஷம் என்றாலும், யார் வந்தாலும், பிலோமினா அந்த ஒரு வாயைப் பற்றிப் பேசாமல் இருந்ததில்லை. "சேவியர் தம்பி ஒண்ணு கலக்கிக் குட்த்திச்சி பாரு, அந்த மாரி நான் குட்ச்சதே இல்ல" என்பாள். தம்பி அடக்கமாகச் சிரிப்பான். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் எனக்குச் சோறு இறங்காது.

நான் மந்தைவெளியில் முப்பது வருடம் கரும்பு ஜூஸ் வண்டி போட்டவன். போன மாதம்தான் போனில் எழுத்துக்கூட்டிப் படித்தேன்: அந்தக் கஷாசா வேறு எதிலிருந்தும் வருவதில்லை, பச்சைக் கரும்புச் சாற்றிலிருந்துதான் வருகிறது. சாற்றைப் புளிக்க வைத்துக் காய்ச்சுகிறார்கள். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. இதுவரை அது ஏதோ சீமைச் சரக்கு, நமக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டிருந்தேன். கரும்பா? ஊருக்கெல்லாம் கரும்பு பிழிந்து கொடுத்தவன் நான். என் ஜூஸை இவள் ஒரு தடவைகூட நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. தம்பி கையால் ஒரு வாய்க் கரும்பு குடித்துவிட்டு இருபது வருடமாகப் பேசுகிறாள்.

அதனால் முடிவு செய்தேன். அதே சரக்கை, அதே கலவையை, ஒரு முழு கிளாஸ் நான் வாங்கித் தர வேண்டும். இவள் அதைக் குடித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொல்ல வேண்டும். இனி விசேஷங்களில் பேசினால் என் பெயரைச் சொல்லித்தான் பேச வேண்டும். இதற்காக ஐயாயிரம் ரூபாய் எடுத்து வைத்தேன். பிலோமினாவிடம் கேட்டபோது ரொம்ப யோசிக்கவில்லை. "ஏசி கீதா?" என்று மட்டும் கேட்டாள்.

காலை ஏழே முக்காலுக்கு பஸ் ஏறினோம். பெரும்பாக்கத்திலிருந்து மயிலாப்பூர் இருபது கிலோமீட்டர் இருக்கும். சாதாரண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. எனக்கு முதியோர் டோக்கன் உண்டு, ஆனால் அந்த மாதத்து டோக்கன் தீர்ந்துபோயிருந்தது. கண்டக்டர் என்னிடம் காசு வாங்கும்போது பிலோமினா ஜன்னல் பக்கம் திரும்பி ராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள். வழியில் தரமணியில் கம்பெனி பஸ்கள் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றதால் இருபது நிமிடம் போனது. எனக்குக் கவலையில்லை. பஸ்ஸின் முதுகில் எழுதியிருந்ததையெல்லாம் படித்துக்கொண்டு வந்தேன்.

எங்கள் பழைய பங்குக் கோயிலில் பூசை பார்த்துவிட்டு, மந்தைவெளியில் இட்லி சாப்பிட்டோம். இரண்டு பேருக்கும் காபியோடு நூற்று அறுபது ரூபாய். நான் வண்டி போட்டிருந்த இடத்தில் இப்போது வேறொருவர் மெஷின் போட்டிருக்கிறார். கிளாஸ் முப்பது ரூபாய். பிலோமினா நேராக அங்கே போய் ஒரு கிளாஸ் வாங்கிக் குடித்தாள். என் கண் முன்னால்.

"இன்னா பாக்கற? தாகமா கீது" என்றாள்.

எப்படி இருக்கிறது என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"பரவால்ல. உன்னுதுல இஞ்சி தூக்கும். இவுரு அளவா போட்டுகீறாரு."

அந்த ஆள் வேறு என்னைப் பார்த்து நட்பாகத் தலையாட்டினார். நான் முப்பது ரூபாயைக் கொடுத்துவிட்டு நடந்தேன்.

அங்கிருந்து தேனாம்பேட்டை வழியாகத் தி. நகர் ஐந்து கிலோமீட்டர்தான். சனிக்கிழமை என்பதால் பஸ்ஸில் முக்கால் மணி நேரம் ஆனது. முதலில் வெளிநாட்டுச் சரக்கு விற்கிற பெரிய அரசுக் கடை ஒன்றில் விசாரித்தேன். பன்னிரண்டு மணிக்குத்தான் திறந்தார்கள். ரம் இருக்கிறது, வோட்கா இருக்கிறது, நீங்கள் சொல்கிற பெயரில் எதுவும் எங்கள் கடைக்கு வருவதில்லை என்று அங்கே இருந்தவர் மரியாதையாகச் சொன்னார். ஹோட்டல் பாரில் கேட்டுப் பாருங்கள் என்றும் சொன்னார். அதனால் கடைகளில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

பாண்டி பஜார் பக்கம் ஒரு ஹோட்டல். மூன்றாவது மாடியில் பார். வாசலில் நின்ற செக்யூரிட்டி என் காலைப் பார்த்தார். நான் வெள்ளை வேட்டிக்குப் பதிலாகப் பேன்ட் போட்டுக்கொண்டு போனதிலேயே பெருமையாக இருந்தேன். காலில் ரப்பர் செருப்பு.

"செருப்பு போட்டுகினு உள்ள விட மாட்டாங்க சார். ஷூ வேணும்."

நான் பிலோமினாவின் காலைக் காட்டினேன். அவளும் ரப்பர் செருப்புதான். அதுவும் என்னுடையதைவிடப் பழையது.

"லேடீஸ்க்கு ரூல் இல்ல சார். மேடம் போலாம்."

பிலோமினா ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "அப்ப நான் மேல போய் ஏசில குந்திகினு கீறேன். நீ ஷூ வாங்கினு வா" என்று சொல்லிவிட்டு லிப்டில் ஏறினாள். செக்யூரிட்டி அவளுக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டார்.

நான் வெயிலில் கூட்டத்துக்குள் நுழைந்து, பிளாட்பாரத்தில் ஒரு கான்வாஸ் ஷூ வாங்கினேன். நானூற்றைம்பது சொன்னார், முந்நூற்றைம்பதுக்கு முடித்தேன். சாக்ஸ் இல்லாமல் போட்டதால் சாயங்காலத்துக்குள் குதிகால் உரிந்துவிட்டது. நீங்கள் போகும்போது வீட்டிலிருந்தே ஷூவும் சாக்ஸும் போட்டுக்கொண்டு போங்கள். நான் திரும்பி வந்து மேலே போனபோது, பிலோமினா சோபாவில் சாய்ந்துகொண்டு, யாரோ கொடுத்த வேர்க்கடலையைத் தின்றுகொண்டிருந்தாள். முகத்தில் அப்படி ஒரு குளிர்ச்சி.

அந்த பாரில் கஷாசா இல்லை. மெனு அட்டையில் கைப்பிரீன்யா என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது. ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிக் கண்டுபிடித்து, இது வேண்டும் என்று விரலை வைத்தேன். வெயிட்டர் நல்ல மனிதர், உண்மையைச் சொன்னார். சரக்கு தீர்ந்து நாலு மாதம் ஆகிறது, வோட்காவில் போட்டுத் தருகிறோம், அதுவும் எலுமிச்சை சர்க்கரைதான், பெரிய வித்தியாசம் தெரியாது என்றார். வோட்கா ஊற்றினால் கைப்பிரோஸ்கா என்று அதற்கு வேறு பெயராம். வெள்ளை ரம்மிலும் சிலர் கேட்டு வாங்குகிறார்களாம்.

பிலோமினாவுக்கு எழுந்திருக்க மனமில்லை. "எதுலயோ போட்டுத் தரட்டும்யா, இன்னா இப்போ" என்றாள். எனக்குச் சம்மதமில்லை. வோட்கா கரும்பு கிடையாது. ரம் கரும்புதான், ஆனால் பெரும்பாலும் சர்க்கரை ஆலையில் மிஞ்சுகிற பாகிலிருந்து வருவது. தம்பி கொடுத்ததைவிட ஒரு படி குறைவாக நான் கொடுத்தால், இன்னும் இருபது வருடம் அதைச் சொல்லிக் காட்டுவாள். என் முகத்தைப் பார்த்து அந்த வெயிட்டர் என்ன நினைத்தாரோ, போனை எடுத்து யாரிடமோ பேசினார். அடையாறில் ஒரு ஹோட்டலில், முன்பு தன்னோடு வேலை செய்தவர் இப்போது பாரைப் பார்த்துக்கொள்கிறார், அங்கே ஒரு பாட்டில் இருக்கிறது, உடனே போங்கள் என்றார். இரண்டு சோடா மட்டும் குடித்தோம். வரியோடு இருநூற்று முப்பது ரூபாய்.

தி. நகரிலிருந்து அடையாறு ஆறு கிலோமீட்டர். ஆட்டோவுக்கு இருநூற்றைம்பது கேட்டு இருநூறுக்கு வந்தார். ஹோட்டல் பெயரைச் சொன்னதும் என்ன விசேஷம் என்று கேட்டார். பாருக்குப் போகிறோம் என்று பிலோமினாவே சொல்லிவிட்டாள். டிரைவர் கண்ணாடியில் எங்கள் இரண்டு பேரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"இன்னா நைனா, வூட்டம்மாவ இட்டுகினா போற? நான் ஒரு பீர் குட்ச்சிட்டுப் போனா என்னுது கதவே தொறக்காது."

"அதுக்குதான் கூட இட்டுகினு போவணும்" என்றாள் பிலோமினா. "அப்பறம் கதவு உள்ள யாரு கீறாங்க, தொறக்காம இருக்க?"

டிரைவர் சிரித்துச் சிரித்து சிக்னலில் வண்டியை நிறுத்த மறந்துவிட்டார். எங்கே போனாலும் இவளுக்கு இரண்டு நிமிடத்தில் ஒரு ரசிகன் கிடைத்துவிடுகிறான்.

மூன்றேகால் மணிக்கு அடையாறு பாருக்குள் நுழைந்தோம். இந்த முறை வாசலில் யாரும் என் காலைப் பார்க்கவில்லை. மதியம் என்பதால் எங்களைத் தவிர ஒரு மேஜையில்தான் ஆட்கள் இருந்தார்கள். பாரில் நின்றவருக்கு நாற்பது வயது இருக்கும். இஸ்திரி போட்ட கறுப்புச் சட்டை, முழங்கை வரை மடித்துவிட்டிருந்தார். எங்களுக்காகப் பாட்டிலை எடுத்து முன்னாலேயே வைத்திருந்தார். மூன்றில் ஒரு பங்குதான் மிச்சம். ஒரு கிளாஸ் எண்ணூற்றைம்பது ரூபாய், வரி தனி. முதலில் ஒன்று போதும், அம்மாவுக்கு என்றேன்.

மூடியைத் திறந்து என்னை மோந்து பார்க்கச் சொன்னார். நான் மோந்தேன். சாயங்காலம் மெஷினைக் கழுவும்போது, பல்சக்கரத்துக்கு அடியில் மாட்டிக்கொண்ட கரும்புச் சக்கை வெயிலில் புளித்து ஒரு வாசனை வருமே, அதேதான். அதைச் சுத்தம் செய்து, தலைவாரிவிட்டு, கண்ணாடி பாட்டிலில் உட்கார வைத்திருக்கிறார்கள். நான் முப்பது வருடம் சாக்கடையில் கழுவிவிட்ட வாசனைக்கு பிரேசிலில் பெயர் வைத்து, லேபிள் ஒட்டி, கப்பல் ஏற்றி அனுப்புகிறார்கள். அந்த நாட்டுக்காரர்கள் மேல் எனக்கு வந்த பொறாமையை என்னவென்று எழுதுவது. நம் ஊரிலும்தான் கரும்பு விளைகிறது, அந்த ஆலைப் பாகிலிருந்து சரக்கும் வருகிறது. ஆனால் லேபிளில் அதற்கு பிராந்தி என்று பெயர். கரும்பு என்று எங்கேயும் எழுதியிருக்காது. நான் இப்போது லேபிள்களைப் படிக்கிறேன், அதனால் சொல்கிறேன். சாராயம் என்ற சொல்லைச் சத்தமாகச் சொன்னால் பஸ்ஸில் நம்மைத் திரும்பிப் பார்ப்பார்கள். பெரும்பாக்கத்துக்கு மாறுவதற்கு முன்னால் நாங்கள் குடியிருந்த ஆற்றோரத்தில் அதைக் குடித்துக் கெட்ட குடும்பங்களை நானும் பார்த்திருக்கிறேன். அப்படி இருக்க, இங்கே அதற்கு எலுமிச்சை நறுக்கி, கீழே காகிதப் பூப்போட்ட தட்டு வைக்கிறார்கள்.

அவர் எலுமிச்சையை எட்டுத் துண்டாக வெட்டி, நடுவில் இருந்த வெள்ளை நரம்பை எடுத்துவிட்டார். இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டு, மரக்கட்டையால் லேசாக அழுத்தித் திருப்பினார். ரொம்ப இடித்தால் தோல் கசந்துவிடும் என்றார். என் மெஷினில் நான் எலுமிச்சையைத் தோலோடு கரும்புக்கு நடுவே வைத்து நசுக்குவேன், அதை இவரிடம் சொல்லவில்லை. இதே சரக்கில் தேங்காய்ப்பால் ஊற்றி, பழம் அடித்து, பாட்டீடா என்று ஒன்று செய்வார்கள் என்றும், கசப்பான வைன் சேர்த்து ஒன்று உண்டு என்றும் சொன்னார். எல்லாவற்றையும் பிலோமினாவைப் பார்த்தே சொன்னார். இனிப்பு தூக்கலாக வேண்டுமா, ஐஸ் பொடியாகவா கட்டியாகவா என்று அவளிடம் ஒவ்வொன்றாகக் கேட்டார். அவள் கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு பதில் சொன்னாள்.

கிளாஸ் வந்தது. அவள் எடுக்கவில்லை. அதற்குப் பதிலாக அவரிடம் கதை சொல்ல ஆரம்பித்தாள். எந்தக் கதை என்று நீங்களே சொல்வீர்கள். என் கொழுந்தனார் கப்பலில் வேலை பார்த்தவர், பிரேசிலுக்கே போனவர், அங்கேயிருந்து ஒரு பாட்டில் கொண்டுவந்தவர் என்றாள். பாரில் நின்றவரும் கைவேலையை விட்டுவிட்டுக் கேட்டார். "சூப்பர்மா, அவரை ஒருநாள் இங்க கூட்டிட்டு வாங்க. நான் அவர்கிட்ட நிறையக் கேக்கணும்" என்றார். எண்ணூற்றைம்பது ரூபாயும் வரியும் என் பையிலிருந்து போகிறது, குதிகால் எரிகிறது, புகழ் மட்டும் சேவியருக்கு.

"குடி பிலோமி, ஐஸ் கரையுது" என்றேன். குரல் கொஞ்சம் கட்டையாகத்தான் வந்திருக்கும்.

அவள் கிளாஸைத் தூக்கி ஒரு வாய் குடித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கிளாஸ் கையிலேயே இருந்தது.

"அதே மூஞ்சி" என்றாள்.

எந்த மூஞ்சி என்று கேட்டேன்.

"அன்னிக்கி விருந்துல வெச்சிகினு இருந்தியே, அந்த மூஞ்சி. ஒரு வாய் குட்ச்சேன். ஜில்லுனு புளிப்பா எறங்கிச்சி. சரி இன்னொரு வாய் குட்ப்போம்னு பாக்கறேன், நீ எதுருல நின்னுகினு கீற. மூஞ்சி வெளக்கெண்ண குட்ச்ச மாரி. வோணாம்னு டம்ளர சேவியர் கைல குட்த்துட்டேன். அது மடமடனு ஊத்திகினு போச்சி."

நான் குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்துக் கட்டினேன்.

"மீதி எப்டி இருந்திருக்கும், மீதி எப்டி இருந்திருக்கும்னுதான் இருபது வருசமா பேசிகினு கீறேன். நீ இன்னாடானா சேவியரப் பேசறேன்னு நெனச்சிகினு கீற."

பாரில் நின்றவர் திடீரென்று கிளாஸ் துடைக்கிற வேலையில் மும்முரமானார்.

"இன்னிக்கி வெக்க மாட்டேன்" என்றாள் பிலோமினா. "நீ எப்டி வேணா பாரு."

முழு கிளாஸையும் குடித்தாள். அவசரப்படாமல், நடுவில் ஐஸைக் கடித்துக்கொண்டு, அடியில் கிடந்த எலுமிச்சைத் துண்டுகளை ஸ்பூனால் எடுத்துச் சர்க்கரையோடு சப்பி, கிட்டத்தட்ட அரை மணி நேரம். நான் கடைசி வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தேன். என் மூஞ்சி எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. கிளாஸைக் கீழே வைத்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"நல்லா கீது" என்றாள். "மீதிதான் நல்லா கீது. மொத வாய் கொஞ்சம் காரம்."

நான் இன்னொரு கிளாஸ் சொன்னேன். அதை இரண்டு பேருமாகக் குடித்தோம். எனக்குப் பாதி போதும் என்றேன், பாதிக்கும் குறைவாகவே விட்டாள். பில் வரியோடு இரண்டாயிரத்து நாற்பது. அது போகப் பொரித்த மீன் ஒரு தட்டு, ஐந்நூற்றுப் பத்து.

ஐந்தரை மணிக்கு அடையாறு டிப்போவில் பஸ் ஏறினோம். பெரும்பாக்கத்துக்குப் பதினேழு கிலோமீட்டர், ஒரு மணி நேரம். பாதி வழியில் தம்பி போன் செய்தான். அவன் அசோக் நகரில் மகள் வீட்டில் இருக்கிறான். கல்யாண நாள் வாழ்த்துச் சொல்லத்தான் கூப்பிட்டிருந்தான். பிலோமினா போனை வாங்கிக்கொண்டு, எங்கே போனோம், என்ன குடித்தோம், அந்த பார்க்காரர் எப்படி வெட்டினார் என்று எல்லாவற்றையும் சொன்னாள். "உங்க அண்ணன்தான் வாங்கிக் குட்த்தாரு, முழு கிளாஸ்" என்றாள். பஸ்ஸில் பாதிப் பேருக்குக் கேட்டிருக்கும். பிறகு அவன் ஐஸ் பொடியா கட்டியா என்று கேட்டான். பாட்டிலில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று கேட்டான். எந்தக் கம்பெனிச் சரக்கு, லேபிள் என்ன நிறம் என்று கேட்டான். அவன் கேட்ட விதம் எனக்கு நன்றாகப் புரிந்தது. அப்படிக் கேட்டுப் பழக்கமுள்ளவன் நான். அன்றைக்கு ராத்திரி குதிகாலில் எண்ணெய் தடவிக்கொண்டு சந்தோஷமாகத் தூங்கினேன்.

போக நினைக்கிறவர்களுக்குச் சில விஷயங்கள். எங்களுக்கு எல்லாம் சேர்த்து மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு மேல் ஆனது. மதியம் போனால் கூட்டம் இருக்காது, கலக்குகிறவருக்கும் பேச நேரம் இருக்கும். கிளம்பும் முன் போன் செய்து, கஷாசா இருக்கிறதா, அல்லது வோட்காவில் போடுவார்களா என்று கேட்டுவிடுங்கள். வெறும் வயிற்றில் குடிக்காதீர்கள், இது இனிப்பாக இறங்கினாலும் தலைக்கு ஏறுகிற சரக்கு. சொந்த வண்டியில் போகாதீர்கள், பஸ் இருக்கிறது, ஆட்டோ இருக்கிறது. கரும்பு வாசனை தெரிய வேண்டுமென்றால், கலக்குவதற்கு முன்னால் பாட்டிலை மோந்து பார்க்கக் கேளுங்கள், கொடுக்கிறார்கள்.

மனைவியோடு போகிறவர்கள் ஜன்னல் பக்கத்து மேஜையாகக் கேட்டு வாங்குங்கள். அவர் கிளாஸை எடுத்ததும் நீங்கள் ரோட்டைப் பாருங்கள். அடையாறில் பார்ப்பதற்கு எவ்வளவோ இருக்கிறது. அவர் குடித்து முடித்துக் கிளாஸ் மேஜையில் படுகிற சத்தம் கேட்ட பிறகு திரும்பினால் போதும்.